துண்டுத் துணியில் பூக்கும் மலர்கள்

பூவிருந்தவல்லி என்று ஊருக்குப் பெயர் வைத்தவர்கள் நல்ல ரசிகர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். காஞ்சி வரதனுக்குப் பூத்தொண்டு செய்த திருக்கச்சி நம்பிகள் அவதரித்த தலம் அது. அந்த ஊருக்குப் போகிற நெடுஞ்சாலையில், மதுரவாயலையும் வானகரத்தையும் தாண்டினால் வருவது வேலப்பன்சாவடி. வழிப்போக்கர்கள் தங்கி இளைப்பாறுகிற இடத்துக்குத்தான் சாவடி என்று பெயர். இன்று அங்கே இளைப்பாற யாருக்கு நேரமிருக்கிறது? கல்லூரி, ஆஸ்பத்திரி, தண்ணீர் லாரி, காது கிழியும் ஹாரன்!

இந்தச் சந்தடிக்குச் சற்று உள்ளே தள்ளி ஒரு தெருவில், என் மனைவிக்கு ரவிக்கை தைக்கும் அம்மாள் இருக்கிறார். தைத்ததை வாங்கிவரப் போனபோதுதான் அந்தப் பூவைப் பார்த்தேன். அவருடைய பெண்ணின் கொண்டையில் செருகியிருந்தது. செவ்வந்தி என்றே நினைத்தேன். கிட்டே போனபோது ஸாடின் துணி!

"மார்கழி கடைசியில பள்ளிக்கூடத்துல டான்ஸ், சார். மல்லி விக்கிற விலைக்கு நாங்க எங்கே போறது? செல்போன்ல ஒரு ஜப்பான்காரி செய்யறதைப் பார்த்தேன். வெட்டின துணி மூட்டையா கிடந்துச்சு, செஞ்சு பார்த்தேன்" என்றார்.

அவர் சொன்னது உண்மை. பனி விழும் மாதங்களில் மல்லிகைச் செடி சரியாகப் பூப்பதில்லை. அதே சமயம் பொங்கலும் தை முகூர்த்தங்களும் வந்துவிடுகின்றன. கோயம்பேட்டில் கிலோ ஆயிரங்களில் விற்கும்போது, தையல்காரியின் பெண் தலைக்கு எட்டுமா?

அந்த அம்மாள் செல்போனில் கண்ட வித்தை நேற்று முளைத்ததல்ல. ஜப்பானியர் இதை 'ட்ஸுமாமி' என்கிறார்கள். கிள்ளிப் பிடிப்பது என்று அர்த்தம். 1603 முதல் 1868 வரை நீடித்த எடோ காலத்தில் வளர்ந்த கைவேலை இது. மெல்லிய பட்டைச் சிறு சதுரங்களாக வெட்டி, சாமணத்தால் கிள்ளி மடித்து, பலகையில் தடவிய அரிசிப் பசையில் வரிசையாக நிறுத்துவார்கள். அடிப்பாகம் பசையில் ஊறியதும் ஒவ்வோர் இதழாக எடுத்துப் பூவாக அடுக்குவார்கள். கொண்டையில் செருகும் அணிகளுக்குக் 'கன்ஸாஷி' என்று பெயர்.

கியோட்டோ நகரில் நடனம் பயிலும் இளம்பெண்கள் இதை மாதத்துக்கு ஒன்றாக மாற்றி அணிகிறார்கள். பிப்ரவரியில் பிளம், மார்ச்சில் கடுகுப்பூவைப் போன்ற மஞ்சள் பூ, ஏப்ரலில் செர்ரி, அக்டோபரில் செவ்வந்தி, நவம்பரில் சிவந்த மேப்பிள் இலை. தலையைப் பார்த்தே மாதத்தைச் சொல்லிவிடலாம், பஞ்சாங்கம் வேண்டாம்! புத்தாண்டில் நெற்கதிரோடு கண்ணில்லாத வெள்ளைப் புறா ஒன்றும் வைத்துக்கொள்வார்கள். ஒரு கண்ணை அவளே எழுதுவாள். மறு கண்ணை அவள் மனத்துக்குப் பிடித்தவர் எழுதினால் அதிர்ஷ்டமாம். மூன்று வயதும் ஏழு வயதும் ஆன சிறுமிகளைக் கோயிலுக்கு அழைத்துப் போகும் நவம்பர் 15-ஆம் தேதி விழாவிலும் இந்தத் துணிப்பூவைக் காணலாம்.

செய்முறையில் இரண்டே மடிப்புத்தான். இரண்டு அங்குலச் சதுரத்தை மூலைக்கு மூலை மடித்தால் முக்கோணம். அதை இரண்டாக மடித்து, மறுபடியும் இரண்டாக மடித்தால் கூரிய இதழ், செவ்வந்திக்கு ஏற்றது. மூன்றாவது மடிப்புக்குப் பதில், தொங்கும் இரு முனைகளையும் பக்கத்துக்கு ஒன்றாக வெளிப்புறம் திருப்பி உச்சியோடு சேர்த்துவிட்டால் வட்ட இதழ். ஐந்து வட்ட இதழ்களின் அடியில் ஊசி நூல் கோத்து இழுத்து முடிந்து, நடுவில் ஒரு முத்தோ பொத்தானோ தைத்தால் பூ தயார். பின்னால் கனத்த துணியில் ஒரு வட்டம் வைத்து கிளிப்பைத் தைத்துவிட வேண்டும்.

சகோதரிகள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இதழின் அடியில் நூல் பிரியாமலிருக்க, பலர் மெழுகுவத்திச் சுடரில் காட்டுகிறார்கள். பாலியஸ்டர் ஸாடின் உருகி ஒட்டிக்கொள்ளும். அசல் பட்டும் பருத்தியும் உருகா, கருகும். நம் அம்மாளுடைய முதல் பட்டுப்பூ அப்படித்தான் போயிற்று. மயிர் பொசுங்கும் நாற்றத்தில் வீட்டார் எல்லோரும் ஓடிவந்தார்களாம்! பட்டுக்குக் கஞ்சியோ பசையோதான் லாயக்கு. சூடான பிளாஸ்டிக் பசையைப் பிதுக்கி ஒட்டும் துப்பாக்கி ஒன்று கடைகளில் கிடைக்கிறது. வேலை சீக்கிரம் முடியும், ஆனால் விரல் பொத்துப்போகும். பூவின் முதுகும் பார்க்கச் சகிக்காது. என் ஓட்டு ஊசி நூலுக்கே.

பெண்ணின் பூவைப் பார்த்து அக்கம்பக்கத்தார் புகழவே, அம்மாளுக்கு ஆசை வந்துவிட்டது. ஒரு டஜன் செய்து கடை ஒன்றில் கொடுத்தார். பூவுக்குப் பதினைந்து ரூபாய் கிடைத்தது. கிளிப்புக்கும் ரிப்பனுக்கும் நூலுக்கும் ஆறு ரூபாய் போக மிச்சம் ஒன்பது. ஒரு பூவுக்கு இருபத்தைந்து நிமிஷம். ஆக, ஐந்து மணி நேரம் கழுத்தொடிய உழைத்ததற்கு நூற்றெட்டு ரூபாய்!

"கூட ரெண்டு ரூபா கேட்டேன் சார். மெஷின்ல செஞ்சு அட்டையில குத்தி வர்ற பூவை எடுத்துக் காட்டி, 'இது இன்னும் மலிவும்மா'ன்னாரு. அந்த நேரத்துல ரெண்டு ரவிக்கை தைச்சிருப்பேனேன்னு வீட்டுக்காரரும் திட்டினாரு" என்றார். சொல்லும்போது சிரித்தார், அன்றைக்குச் சிரித்திருக்க மாட்டார்.

கைவேலைப் பொருளை இயந்திரத்தின் விலைக்கு விற்கப் போனால் யாருக்கும் இந்தக் கதிதான். ஜப்பானிலும் இந்தக் கலை தெரிந்த கைவினைஞர்கள் குறைந்துதான் போனார்கள். ஆனால் இயந்திரத்தால் ஆகாத காரியம் ஒன்று இருக்கிறது. அதை அம்மாளுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவருடைய வாடிக்கைக்காரி ஒருத்தி. நிச்சயதார்த்தப் புடவைக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்தவள், "மீந்த துணியில் ஒரு பூவும் செய்து கொடேன்" என்று கேட்டிருக்கிறாள். அதே சாயம், அதே ஜரிகை. எந்த அட்டையில் குத்தி வரும் இந்தப் பூ? எண்பது ரூபாயை முகம் கோணாமல் கொடுத்துவிட்டுப் போனாளாம்.

அதன்பின் அம்மாள் கடைக்குப் பூக் கொடுப்பதில்லை. ரவிக்கையோடு பூவும் வேண்டுமா என்று அளவெடுக்கும்போதே கேட்டுவிடுகிறார். மாதத்தில் எத்தனை பேர் வேண்டும் என்கிறார்கள் என்றேன். "முகூர்த்தம் இருந்தா இருக்கும் சார். ஆடி மாசம் ஒண்ணும் கிடையாது" என்று பதில் வந்தது.

மணம் இல்லையே என்று என் மனைவி ஒரு குறை சொன்னாள். "அதுக்குப் பக்கத்துல ஒரு முழம் மல்லி வெச்சுக்குங்க அக்கா, யார் வேணாம்னாங்க?" என்றார் அம்மாள், கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே.

நாங்கள் கிளம்பும்போது வாசலில் ஒரு கல்லூரிப் பெண் நின்றாள். கையில் ரவிக்கைத் துணி. "அக்கா, வெட்டினது போக மீதியைத் தூக்கிப் போட்டுடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தாள்.