ஒரு நேரத்தில் ஒரே சுரம்

மினிமோக் சிந்தசைசரில் 44 கட்டைகள். பத்து விரல்களாலும் ஒருசேர அழுத்தினாலும், அவற்றுள் மிகத் தாழ்ந்த சுரம் மட்டுமே ஒலிக்கும்.

ராபர்ட் மோக்கின் நிறுவனம் 1970இல் இதைக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய மோக் கருவிகள் அலமாரி அளவுக்குப் பெரியவை. ஒலியை மாற்ற வேண்டுமென்றால் கேபிள்களைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருக வேண்டும். மினிமோக்கில் அந்த இணைப்புகள் உள்ளேயே அமைந்துவிட்டதால் மேடைக்குத் தூக்கிப்போக முடிந்தது. இதில் மூன்று ஆசிலேட்டர்கள் மின்னலைகளை உண்டாக்குகின்றன. ரம்பப்பல் வடிவ அலையில் மேற்சுரங்கள் மண்டிக்கிடக்கும். டிரான்சிஸ்டர்களை ஏணிப்படிபோல் அடுக்கிய ஃபில்டர், குறித்த எல்லைக்கு மேலுள்ளவற்றை ஒரு ஸ்தாயிக்கு 24 டெசிபல் வீதம் அடக்குகிறது. சுரம் ஒலிக்கும்போதே அந்த எல்லை நகர்ந்தால், ஒலி வாய்திறந்து மூடுவதுபோல் கேட்கும். மூன்று ஆசிலேட்டர்களின் சுருதியும் மயிரிழை விலகியிருந்தால் கனம் கூடும். இடப்பக்கச் சக்கரத்தைத் திருப்பிச் சுரத்தை வளைக்கலாம். சாதாரணப் பியானோவில் கமகத்துக்கு வழியே இல்லை.

இந்தக் கருவியின் முழு வீச்சையும் கண்டவர்களில் முதன்மையானவர் பெர்னி வொரெல். 1944இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பிறந்தார். மூன்று வயதில் பியானோ, எட்டு வயதில் சொந்தமாக ஒரு கான்செர்ட்டோ, பிறகு பாஸ்டனின் நியூ இங்கிலாந்து கன்சர்வேட்டரி. அந்தப் படிப்பைப் பார்த்தவர்கள் மேற்கத்திய செவ்வியல் மேடையைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள். அவரோ பிளெயின்ஃபீல்டு ஊரில் முடிதிருத்தும் கடையோடு பாட்டுக் குழுவும் நடத்திய ஜார்ஜ் கிளிண்டனுடன் சேர்ந்தார். கிளிண்டனின் பார்லிமென்ட், ஃபங்கடெலிக் குழுக்களின் ஒலிக்கு அவரே பெரும் சிற்பி.

1977இல் பார்லிமென்ட் பதிவுசெய்த 'ஃபிளாஷ் லைட்' பாட்டில் பாஸ் கிடார் வாசிக்க வேண்டிய பகுதியை வொரெல் மினிமோக்கில் வாசித்தார். கிடார் தந்தியில் எழாத தடிப்பு அதில் இருந்தது. சுரங்கள் தாவின, சறுக்கின, குழைந்தன. ஒரே சுரம்தான் வரும் என்பது குறையாகவே தோன்றவில்லை. பாஸ் வரிசைக்கு ஒரு சுரம் போதும், அதைத் துல்லியமாகச் செதுக்கும் கை வேண்டும். அவரிடம் அது இருந்தது. அமெரிக்க ஆர்&பி தரவரிசையில் அந்தப் பாட்டு 1978இல் முதலிடம் பிடித்தது. கறுப்பின நடன இசையில் சிந்தசைசர் பாஸ் பரவியதற்கு அது வலுவான உந்துதல்.

பின்னர் டாக்கிங் ஹெட்ஸ் குழுவோடு இணைந்தார். தயாரிப்பாளர் பில் லாஸ்வெல்லின் ஒலிப்பதிவுகள் பலவற்றிலும் வாசித்தார். டாக்கிங் ஹெட்ஸின் மேடைக் கச்சேரியைப் பதிவுசெய்து ஜோனதன் டெமி இயக்கிய 'ஸ்டாப் மேக்கிங் சென்ஸ்' படத்தில் பெரிய குழுவுக்கு நடுவே அவரைப் பார்க்கலாம். பாடகர் விடும் இடைவெளிகளில் அவர் வைக்கும் சின்னஞ்சிறு ஒலிகளுக்காகவே அந்தப் படத்தை இன்னொரு முறை கேட்கலாம்.