முரண்டு: ஒரு வாசிப்பு

என் தம்பிக்கு நாற்பது வயதாகிறது. பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு. ஏழெட்டுச் சொற்கள் பேசுவான். அவையும் வீட்டாருக்கு மட்டுமே பிடிபடும். சில வருஷங்களுக்கு முன், ஒரு மாசி மாதம், தன் வலது கன்னத்தைத் தானே அறைந்துகொள்ளத் தொடங்கினான். ராத்திரியெல்லாம் அறைவான். 'புள்ள முரண்டு புடிக்குது' என்றாள் அம்மா. மருத்துவர் தூக்கத்துக்கு மாத்திரை எழுதினார். பதினோரு நாட்கள் அவன் கையைத் துண்டால் கட்டிலோடு கட்டிவைத்தோம். கட்டியவன் நான். ஒருநாள் சோறூட்டும்போது வாயிலிருந்து வந்த நாற்றத்தில் சந்தேகம் தட்டி, பல் டாக்டரிடம் போனோம். கடைவாய்ப் பல் வேர்வரை சொத்தை, சீழ் கோத்திருந்தது. பல்லைப் பிடுங்கிய மறுவாரம் அறைவது நின்றுபோனது.

அந்தப் பதினோரு நாட்களில் நாங்கள் எதை வாசிக்கத் தவறினோம் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

நீங்களோ நானோ கன்னத்தைப் பிடித்துக்கொண்டு 'வலிக்குது' என்றால் அது பேச்சு. என் தம்பி அறைந்துகொண்டால் அது 'நடத்தை'. பேச்சுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். நடத்தையைக் கட்டுப்படுத்தினால் போதும். எது பேச்சு, எது நடத்தை என்று பிரிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. 1982இல் அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் ரெய்ஸும் உடனாய்வாளர்களும் இதை ஒருவித நிழல்படிதலாக அடையாளம் காட்டினார்கள். அறிவுசார் குறைபாடு என்ற முத்திரை விழுந்துவிட்டால் அந்த ஆளின் மற்ற உபாதைகளும் அதன் கணக்கிலேயே எழுதப்பட்டுவிடுகின்றன. மனநோய் குறித்துச் சொல்லப்பட்ட இக்கருத்து பின்னர் உடல்நோய்க்கும் விரிந்தது. காதுவலி, மலச்சிக்கல், மாதவிடாய் வலி எல்லாமே 'அதுங்க அப்படித்தான்' என்ற ஒரே வாக்கியத்தில் புதைந்துபோகின்றன.

அதே 1982இல் பிரையன் இவாட்டாவின் குழு, தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்ளும் 9 பேரை வெவ்வேறு சூழல்களில் வைத்துக் கவனித்தது. வேலை வாங்கும்போது, காயப்படுத்தியதும் அக்கறை காட்டும்போது, தனியே விடும்போது, வற்புறுத்தலின்றி விளையாட விடும்போது எனச் சூழல்கள் மாறின. 6 பேரிடம் அச்செயல் ஏதோவொரு குறிப்பிட்ட சூழலோடு பிணைந்திருந்தது; எந்தச் சூழல் என்பது ஆளுக்கு ஆள் வேறுபட்டது. 1985இல் எட்வர்ட் காரும் மார்க் டுராண்டும் நான்கு குழந்தைகளிடம் அடுத்த அடியை வைத்தார்கள். வேலை கடினமானபோது உதவி கேட்கவும், கவனிப்பு குறைந்தபோது அதைக் கேட்டுப் பெறவும் கற்றுத்தந்தபோது தொந்தரவான செயல்கள் குறைந்தன. கேட்க வழி கிடைத்தபின் கடிக்க வேண்டியிருக்கவில்லை.

இதை நான் தம்பி போய்வரும் பயிற்சி மையத்தில் பார்த்தேன். மணி கோக்கச் சொன்னால் மணிக்கட்டைக் கடித்துக்கொள்வான். தண்டனையாக வராந்தாவில் உட்காரவைப்பார்கள். அவர்களுக்கு அது தண்டனை, அவனுக்கு விடுதலை. ஆக, கடித்தால் மணி கோக்க வேண்டாம் என்பதை மையமே அவனுக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், நாம் என்ன செய்தோம் என்று ஒரு நோட்டில் மூன்று பத்தி போட்டு இரண்டு வாரம் எழுதியதில் இது தெரிந்தது.

மாத்திரை? 2008இல் லான்செட் இதழில் பீட்டர் டைரர் குழுவின் ஆய்வு வந்தது. ஆக்ரோஷம் காட்டிய அறிவுசார் குறைபாடுடைய 86 பேரில் சிலருக்கு ஹாலோபெரிடால், சிலருக்கு ரிஸ்பெரிடோன், சிலருக்கு மருந்தேயில்லாத வெற்று மாத்திரை. நான்கு வாரத்தில் மூன்று பிரிவினருக்கும் குறைந்தது. அதிகம் குறைந்தது வெற்று மாத்திரைக்காரர்களுக்கு.

கட்டிவைப்பதோ நம்மிடம் பழைய வழக்கம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தீயில் சிக்கி, 28 பேர் மாண்டனர். மனநோயாளிகளைச் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்கிறது. அவர்கள் நிலை வேறு, தம்பியின் நிலை வேறு. ஆனால் என் துண்டு எந்தச் சட்டத்தின் கண்ணிலும் படாத சங்கிலி.

நம் பக்கமும் ஓர் ஆபத்து இருக்கிறது. ஃபூக்கோவைப் படித்த நாம் பிறழ்வையெல்லாம் கலகமாக வாசிக்கப் பழகியிருக்கிறோம். தம்பியின் அறைதலை ஒழுங்குக்கு எதிரான உடலின் கலகம் என்று எழுத எனக்கும் கைவரும். எழுதியிருந்தால் பல் அழுகிக்கொண்டே இருந்திருக்கும். எல்லாவற்றையும் மொழியென்று கொள்வதும் சரியில்லை. 1964இல் லெஷ், நைஹான் இருவரும் விவரித்த மரபுவழி நோயில் பிள்ளைகள் தம் உதட்டையும் விரலையும் கடித்துச் சிதைத்துக்கொள்கிறார்கள். வலி தெரிகிறது, நிறுத்த முடிவதில்லை. தங்களைக் கட்டிவைக்கும்படி அவர்களே கேட்பதுண்டு. அங்கே கட்டுவதுகூடக் கேட்டதற்கான பதில். எங்கள் கட்டு யாரும் கேட்காதது.

மையத்தில் தம்பிக்கு 'வேண்டாம்' என்று ஓர் அட்டை செய்துகொடுத்தோம், விரித்த உள்ளங்கைப் படம் போட்டு. முதல் இரண்டு வாரம் எடுத்ததற்கெல்லாம் காட்டினான். 'உங்க தம்பி ஏமாத்துறாரு சார்' என்றார் பயிற்சியாளர் அம்மா. 'ஏமாத்தட்டும்மா, நாம ஏமாத்தினதில்லையா' என்றேன். காட்டினால் நிறுத்தியாக வேண்டும். இல்லாவிட்டால் அட்டையால் பயனில்லை என்று அவன் மறுபடி பல்லுக்குப் போய்விடுவான்.

போன மாதம் முடி வெட்டும் கடையில் பாதித் தலையில் அட்டையை நீட்டினான். 'என்னண்ணே இது, இன்னும் பாதி இருக்கே' என்றார் கடைக்காரர். கண்ணாடியில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான் தம்பி. எழுந்து வந்துவிட்டோம். வாசலில் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மீதியை மறுநாள் அதே கடைக்காரர் வீட்டுக்கே வந்து, மெஷின் இல்லாமல், கத்தரிக்கோலால் வெட்டினார். தம்பி அட்டையை எடுக்கவில்லை. அவன் வேண்டாமென்றது அந்த மெஷின் சத்தத்தை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.