மலைத் தோட்டத்தில் மரத்துப்போகும் பாதங்கள்

கவுஞ்சியின் அடுக்கு நிலங்களில் உருளைக்கிழங்கும் வெள்ளைப்பூண்டும் பயிரிடும் குடியானவர்கள், ஈர மண்ணில் நாள் முழுதும் நின்று களையெடுத்தபின், இரவில் அடுப்பருகே கால் நீட்டிக் குளிர் காய்வது வழக்கம். பாதம் மதமதத்தால் 'குளிர் தாக்கியது' என்று சொல்லி, நெருப்புக்கு இன்னும் நெருக்கமாக வைப்பார்கள். ஆபத்து இங்கேதான். நரம்பு கெட்ட பாதத்துக்குச் சூடு தெரியாது. கொப்புளம் புண்ணாகி எலும்பைத் தொட்டால் காலையே எடுக்க நேரிடலாம்.

எது நரம்பு வலி?

காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகாலில் வலித்து, நடக்க நடக்கக் குறைவது பெரும்பாலும் தசைநார் வலி. இடுப்பிலிருந்து ஒரே காலில் பாதம்வரை இழுத்தால், முதுகெலும்பின் வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதாக இருக்கலாம். மூட்டை சுமப்போர் இதைக் கவனிக்க வேண்டும். இரண்டு பாதங்களிலும் விரல் நுனியில் தொடங்கி, இரவில் எரிந்து, ஊசி குத்துவது போலாகி, மெல்ல மேலேறினால் அது நரம்புச் சிதைவு.

காரணங்கள்

முதற் காரணம் சர்க்கரை நோய். வைட்டமின் பி12 குறைவு, மது, தைராய்டு குறைவு, தொழுநோய் ஆகியவையும் உண்டு. காசநோய்க்குத் தரும் ஐசோனியசிட் மாத்திரையும் நரம்பைத் தாக்கலாம். அதைத் தடுக்கவே பி6 மாத்திரை சேர்த்துத் தரப்படுகிறது.

பூச்சி மருந்தையும் மறக்கலாகாது. ஆர்கனோபாஸ்பரஸ் வகை மருந்துகளில் சில, விஷம் ஏறிப் பிழைத்தவரைக்கூட ஒன்று முதல் மூன்று வாரம் கழித்துத் தாக்கும். கெண்டைக்கால் பிடித்து இழுக்கும், பாதம் மதமதக்கும், பிறகு கால் தொய்யும். அமெரிக்காவில் 1930இல் இதே இனத்து ரசாயனம் கலந்த இஞ்சிச் சாராயத்தைக் குடித்த ஆயிரக்கணக்கானோர் இவ்வாறு கால் விளங்காமல் போயினர்.

சிகிச்சை

ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலில் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பி12 குறைவுக்கு ஊசி உண்டு. தொழுநோய்க்கான கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். எரிச்சலைத் தணிக்க அமிட்ரிப்டிலின், கபாபென்டின் போன்றவற்றை மருத்துவர் தருவார். கடையில் கேட்டு வாங்கி விழுங்கக் கூடாது. மருந்து வலியைக் குறைக்குமே தவிர, போன உணர்ச்சியைத் திருப்பித் தராது.

பாதுகாப்பு

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1946 முதல் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதப் புண்ணுக்கு முக்கியக் காரணம் உணர்ச்சியற்ற கால் படும் காயமே என்று காட்டினார். மெத்தென்ற ரப்பர் செருப்பு பலருடைய கால்களைக் காத்தது. இப்பாடம் சர்க்கரை நோயாளிக்கும் பொருந்தும்.

வெறுங்காலுடன் தோட்டத்தில் இறங்கக் கூடாது. மருந்து தெளிக்கையில் ரப்பர் பூட்ஸ் அணிந்து, கால்சட்டையை அதற்கு வெளியே விடவேண்டும். உள்ளே விட்டால் மருந்து வழிந்து பாதத்தில் தேங்கும். பூட்ஸை மாட்டுமுன் கவிழ்த்துத் தட்டிக் கல் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். உணர்ச்சி குறைந்தவர்கள் காலை நெருப்பில் காட்டாமல் கம்பளிக் காலுறை அணியலாம். படுக்குமுன் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்ப்பதும் அவசியம். சிறு காயம் தெரிந்தாலும், வலி இல்லையே என்று இராமல், மறுநாளே மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.