எந்த மாதம் அளந்தார்கள்?

2023 ஜூலை 26 அன்று கடலூர் மாவட்டம் வளையமாதேவியில், பச்சை நெற்பயிர் நின்ற வயல்களுக்குள் பொக்லைன்கள் இறங்கின. நெய்வேலி இரண்டாம் சுரங்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிடக் கால்வாய் வெட்டும் வேலை. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது சுரங்கத்தை நடத்தும் என்.எல்.சி. அந்த நிலத்தில்தான் விவசாயிகள் விடாமல் பயிர் வைத்து வந்தார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் போய், அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு என்று உத்தரவானது. நெல்லின் மேல் இயந்திரம் ஏறிய அந்தக் காட்சியைப் பார்த்தவர்களுக்கு எந்தத் தொகையும் ஆறுதல் தந்திருக்காது.

ஒரு நிலத்தில் என்ன விளைகிறது என்பதைச் சுரங்கம் வருமுன் யார், எப்படிக் கணக்கெடுக்கிறார்கள்? திறந்தவெளிச் சுரங்கத்துக்கு அனுமதி கோருவோர் 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி அறிக்கை தர வேண்டும். தோண்டப்போகும் இடம் மையப் பகுதி. சுற்றிலும் 10 கிலோமீட்டர் தாங்கு பகுதி. செயற்கைக்கோள் படத்தைக் கொண்டு விளைநிலம், தரிசு, நீர்நிலை, குடியிருப்பு என்று வகை பிரிக்கிறார்கள். தாவரங்களுக்கு ஆங்காங்கே கயிறு கட்டிச் சதுரம் போடுவார்கள். மரமென்றால் பக்கத்துக்கு 10 மீட்டர், புல் பூண்டென்றால் 1 மீட்டர் என்பது பொதுவான வழக்கம். சதுரத்துக்குள் விழுந்தது பட்டியலில் ஏறும்.

இங்கே பெரிய சிக்கல் பருவம். சுரங்கத் திட்டங்களுக்கான நிலையான விதிமுறை, மழைக்காலம் அல்லாத ஒரு பருவத் தரவு போதும் என்கிறது. கோடை, அக்டோபர் முதல் டிசம்பர், குளிர்காலம் ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். வட இந்தியாவுக்கு அக்டோபர் என்றால் மழை முடிந்த காலம். கடலூருக்கு அதுதான் அடைமழைக் காலம். நம் வானத்தைப் பார்த்து எழுதிய விதி அல்ல அது.

மே மாதத்தில் காட்டுமன்னார்கோவில் பக்கம் போனால் வயல் வெடித்துக் கிடக்கும். படத்தில் அது வெற்று நிலம். ஆனால் அதே வயலில் தை வரை சம்பா நின்றிருக்கும். அறுப்புக்கு முன்பே ஈரத்தில் விதைத்த உளுந்து பங்குனி வாக்கில் கைக்கு வந்திருக்கும். வேளாண் துறையே இதற்கு ‘நெல் தரிசு உளுந்து’ என்றுதான் பெயர் வைத்திருக்கிறது. பெயரில் தரிசு இருக்கிறது, நிலத்தில் பருப்பு இருக்கிறது. மழை கண்டால் மட்டும் தலைகாட்டும் கீரைகளும் கிழங்கு வகைகளும் கோடைச் சதுரத்தில் சிக்காது. உளுந்துக்குப் பின் அங்கே மேயும் ஆட்டுக்கிடையை எந்த வகையில் சேர்ப்பது?

மேட்டு நிலத்திலும் இதே கதைதான். பண்ருட்டி, நெய்வேலிச் செம்மண்ணில் முந்திரியும் பலாவும் தலைமுறை மரங்கள். முந்திரித் தோப்பு ஒரு குடும்பத்தின் கோடை வருமானம், கொட்டை உடைக்கும் பெண்களின் கூலி, அடுப்புக்கு விறகு. அறிக்கையில் அது ஒரே வரி, ‘தோட்டம்’.

நெய்வேலியில் ஒரு டன் பழுப்பு நிலக்கரிக்கு ஐந்து கன மீட்டருக்கும் மேல் மண்ணை அள்ள வேண்டியிருக்கிறது. மேல் மண்ணைத் தனியே சேமித்து, பின்னர் குழி மூடிய இடத்தில் பரப்ப வேண்டும் என்பது விதி. ஆனால் ஆண்டுக்கணக்கில் குவியலாகக் கிடக்கும் மண்ணில் வேரும் நுண்ணுயிரும் குறைந்துபோகும். நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தில் நிற்கும் தண்ணீரையும் ஓயாமல் இறைத்தால்தான் வெட்ட முடியும் என்பதால், பாதிப்பு குத்தகை எல்லைக்கல்லோடு நிற்பதில்லை.

செயற்கைக்கோள் படங்களை விட நுணுக்கமான பதிவு கிராம நிர்வாக அலுவலரிடமே இருக்கிறது. சர்வே எண் வாரியாக, ஜூலையில் தொடங்கும் ஒவ்வொரு பசலி ஆண்டுக்கும், எந்தப் போகத்தில் என்ன பயிர் என்று சொல்லும் அடங்கல் அது. ஒழுங்காக எழுதப்பட்ட பத்துப் பசலி அடங்கலை மதிப்பீட்டு அறிக்கைக்குப் பக்கத்தில் வைத்தால், எந்த மாதத்தை விட்டுவிட்டார்கள் என்பது தெரிந்துவிடும். அதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பதே என் கருத்து.

2023 ஏப்ரலில் வடசேரி, சேத்தியாத்தோப்பு கிழக்கு, மைக்கேல்பட்டி ஆகிய மூன்று இடங்களும் சுரங்க ஏலப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. ஆனால் புதிய சுரங்க முன்மொழிவு எங்கு வந்தாலும், பொதுக் கருத்துக்கேட்புக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். அறிக்கையின் சுருக்கம் ஆட்சியர் அலுவலகத்திலும் ஊராட்சியிலும் தமிழிலேயே கிடைக்க வேண்டும். கையில் கிடைத்ததும் நிலப் பயன்பாட்டு அட்டவணையைத் திறந்து, அளந்த மாதத்தைத் தேடுங்கள். பிறகு உங்கள் சர்வே எண்ணின் அடங்கலை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போங்கள்.