நகரத்தின் விலை – 7: எல்லை விரிந்தது, செலவு யார் தலையில்?

2011 அக்டோபரில் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் அதில் கரைந்தன. 155 வார்டுகள் 200 ஆயின. எல்லையை மாற்ற அரசாணை போதும். குழாய் பதிக்கப் பணம் வேண்டும். அதை யார் தருவது?

இணைந்த ஊர்களில் ஆலந்தூர் தனி ரகம். 1990களின் பிற்பகுதியிலேயே, ஆர்.எஸ். பாரதி நகராட்சித் தலைவராக இருந்தபோது, பாதாளச் சாக்கடைக்காக மக்களிடமே பணம் கேட்டார்கள். வீட்டுக்கு 5,000 ரூபாய், வணிகக் கட்டடத்துக்கு 10,000 ரூபாய் முன்பணம். குடியிருப்போர் சங்கங்களைக் கூட்டி, கணக்கைச் சொல்லி, கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். குழாய் வருமுன்பே மக்கள் பணம் கட்டினார்கள். மீதியைக் கடனும் மானியமும் ஈடுகட்டின. எதற்குத் தருகிறோம் என்று தெரிந்தால் நம் மக்கள் தரத் தயங்குவதில்லை.

மற்ற பல பகுதிகளுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. ஊர் மாநகராட்சி ஆனது. வாசலில் செப்டிக் டேங்க் அப்படியே இருந்தது. குடிக்கத் தண்ணீர் லாரி, புழங்க போர்வெல், தொட்டி நிரம்பினால் கழிவுநீர் லாரி என ஒவ்வொன்றுக்கும் கைக்காசு. சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை; லாரிக்காரருக்கோ அழைக்கும்போதெல்லாம். இந்தச் செலவு எந்த பட்ஜெட்டிலும் ஏறுவதில்லை. ‘புறநகரில் வரி வருவாய் குறைவு’ என்று சொல்பவர்கள் இதையும் சேர்த்துக் கூட்ட வேண்டும்.

2022 சொத்து வரி உயர்வில் அரசு ஒரு நியாயம் பார்த்தது. 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்குப் பழைய சென்னையில் 50 சதவீத உயர்வு. இணைந்த பகுதிகளில் 25 சதவீதம். சலுகை சரி. ஆனால் சலுகை குழாய் ஆகாது.

பெரிய வேலைகள் கடனில்தான் நடக்கின்றன. வடசென்னையின் கொசஸ்தலையாறு வடிநில மழைநீர் வடிகால்களுக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 25.1 கோடி டாலர் கடன் தந்தது. தெற்கே கோவளம் வடிநிலத்துக்கு ஜெர்மனியின் கேஎஃப்டபிள்யூ வங்கி. இந்தக் கடனை அடைப்பதில் மயிலாப்பூர்க்காரரின் வரியும் சேரும். சேரட்டும். நகரத்தை இயக்கும் உழைப்பாளிகளில் பலர் இன்று விளிம்பில்தான் குடியிருக்கிறார்கள். மழை வெள்ளமும் வார்டு எல்லை பார்த்து வருவதில்லை.

விளைநிலத்தை மனையாக்கி விற்றவர்கள் லாபத்தோடு நகர்ந்துவிட்டார்கள். அங்கீகாரமில்லாத மனைகளை வரன்முறைப்படுத்தும் திட்டம் 2017-ல் வந்தபோது, வளர்ச்சிக் கட்டணத்தைப் பெரும்பாலும் கட்டியது மனை வாங்கிய குடும்பங்கள்தான். முதல் செலவு விற்றவரிடமிருந்து வர வேண்டும். அதுவும் விற்பதற்கு முன்பே.

ஓர் ஊரை இணைக்குமுன் எந்த ஆண்டில் என்ன வசதி, யார் பணத்தில் என்று எழுதி, ஊர் மக்கள் முன் வைக்க வேண்டும். வசதி வரும்வரை பழைய வரியே தொடர வேண்டும். கணக்கை மக்கள் முன் வைத்துச் செலவைப் பகிர்வதை ஆலந்தூரில் செய்து காட்டியிருக்கிறோம். மற்ற ஊர்களுக்கு மறுக்கக் காரணமில்லை.

(அடுத்த வாரம்: ஊராட்சி நகரமானால், நூறு நாள் வேலை என்னாகும்?)