பாட்டி பிறந்தது 9ஆம் தேதியா, 10ஆம் தேதியா? ஜாவாவில் தேதியும் நேரமும்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டுள்ளது.)

இரும்புலியூர்ல எங்க வீட்டுலேருந்துதான் பேசுறேன். நடுவுல ட்ரெயின் சத்தம் கேட்டா கொஞ்சம் பொறுத்துக்கோங்க. இன்னைக்கு எடுத்திருக்கிறது, 'இதுல என்ன இருக்கு'ன்னு நினைச்சு எல்லாரும் மாட்டிக்கிற ஒரு விஷயம்: ப்ரோக்ராம்ல தேதியையும் நேரத்தையும் கையாளுறது. நான் மாட்டின கதையிலேருந்தே ஆரம்பிக்கிறேன்.

குடும்பத்துல எல்லாரோட விவரத்தையும் ஒரே இடத்துல வைக்க, ஜாவாவுல சின்னதா ஒரு ஆப் எழுதி வச்சிருந்தேன். ஏதாவது விண்ணப்பம் நிரப்பணும்னா அதுலேருந்து பிரிண்ட் எடுத்துடுவோம். ஒரு தடவை பாட்டியோட பென்ஷன் விஷயமா ஒரு ஆபீஸுக்குப் போனோம். எண்பதைத் தாண்டினவங்க, மூச்சு வாங்க ரெண்டு மாடி ஏறினாங்க. கவுன்ட்டர்ல பார்த்துட்டு, "ஆதார்ல 1943 ஜூன் 10, இதுல ஜூன் 9. சரி பண்ணிட்டு வாங்க"ன்னு திருப்பிக் கொடுத்துட்டாங்க.

வீட்டுக்கு வந்ததும் பாட்டி கேட்டாங்க: "ஏன்டா, நான் பொறந்தது பத்தாம் தேதி. ஒன்பதுன்னு உன் கம்ப்யூட்டருக்கு யாருடா சொன்னா?"

அம்மா, தம்பி, நான், எல்லார் தேதியும் சரியா இருக்கு. பாட்டிது மட்டும் ஒரு நாள் முன்னாடி. ஏன்?

பேருதான் டேட்

நான் பயன்படுத்தினது ஜாவாவோட பழைய 'டேட்' கிளாஸ். பேரு டேட்னாலும், உள்ளே இருக்கிறது தேதியே இல்ல. 1970 ஜனவரி 1, யுடிசி நள்ளிரவுலேருந்து எத்தனை மில்லிசெகண்டுன்னு ஒரே ஒரு எண். அதாவது, காலத்துல ஒரு புள்ளி. 'ஜூன் 10'னு கொடுத்தா, அது 'இந்தியாவுல ஜூன் 10 நள்ளிரவு 12 மணி'ன்னு எடுத்துக்கிட்டு, அதை யுடிசிக்கு மாத்தி வச்சுக்கும்.

அதைத் திரும்பத் தேதியா காட்டும்போது, நான் புத்திசாலித்தனமா அஞ்சரை மணி நேரத்தைக் கையால கூட்டியிருந்தேன். அம்மா பிறந்தது எழுபதுகள்ல. அவங்க தேதியோட நள்ளிரவு, யுடிசில முந்தைய நாள் மாலை 6:30. அஞ்சரை கூட்டினா மறுபடி நள்ளிரவு, தேதி சரி.

ஆனா பாட்டி பிறந்தது ரெண்டாம் உலகப் போர் நடுவுல. அப்போ இந்தியாவுல கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வச்சிருந்தாங்க. 1942 செப்டம்பர்லேருந்து 1945 அக்டோபர் நடுப்பகுதி வரைக்கும் இந்திய நேரம் யுடிசியை விட ஆறரை மணி நேரம் முன்னாடி. உலகத்தோட நேர மாற்றங்களை எல்லாம் தொகுத்து வைக்கிற டைம் ஸோன் தரவுத்தளத்துல இது இருக்கு, ஜாவா அதைத்தான் படிக்குது. அதனால பாட்டியோட நள்ளிரவு, யுடிசில முந்தைய நாள் மாலை 5:30 ஆச்சு. நான் அஞ்சரை கூட்டினேன், 9ஆம் தேதி ராத்திரி 11 மணி வந்துச்சு. ஒரு மணி நேரம் குறைஞ்சது, ஒரு நாளே போச்சு.

ஜாவா வரலாற்றை ஞாபகம் வச்சிருந்துச்சு. 'இந்தியான்னா எப்பவும் அஞ்சரை'ன்னு நினைச்சது நான்தான்.

சரியான கிளாஸைத் தேர்ந்தெடுங்க

ஆனா அசல் தப்பு அதுக்கும் முன்னாடியே நடந்துடுச்சு. பிறந்த தேதிங்கிறது காலத்துல ஒரு புள்ளி இல்ல, காலண்டர்ல ஒரு கட்டம். அதுக்கு மணியும் கிடையாது, டைம் ஸோனும் கிடையாது. இல்லாத நள்ளிரவை ஒட்ட வச்சதாலதான் இவ்வளவு வம்பு.

2014ல வந்த ஜாவா 8 இதைத்தான் சரி பண்ணுச்சு. ஜோடா டைம் லைப்ரரியை எழுதின ஸ்டீபன் கோல்போர்ன் முன்னின்று செஞ்ச வேலை அது. ஒவ்வொரு அர்த்தத்துக்கும் தனி கிளாஸ்:

• லோக்கல்டேட்: வெறும் தேதி. பிறந்தநாள், பொங்கல் லீவு, பில் கட்டக் கடைசி நாள்.
• லோக்கல்டைம்: வெறும் மணி. தினமும் காலைல 6 மணி அலாரம்.
• இன்ஸ்டன்ட்: உலகத்துக்கே பொதுவான ஒரு கணம். நீங்க யுபிஐல பணம் அனுப்பின நொடி.
• ஸோன்ட்டேட்டைம்: ஒரு ஊரோட தேதி, மணி, கூடவே டைம் ஸோன். வெளிநாட்டு டீமோட மீட்டிங்.

இந்த நாலாவதுல 'பிளஸ் அஞ்சரை'ன்னு எண்ணா வைக்காதீங்க, 'ஏசியா/கொல்கத்தா'ன்னு ஸோன் பேரா வைங்க. எண் மாறும். பக்கத்துல இலங்கையையே பாருங்க. 1996 மே மாசம் ஆறரைக்குப் போனாங்க, அதே அக்டோபர்ல ஆறு ஆச்சு, 2006 ஏப்ரல்ல திரும்ப அஞ்சரைக்கே வந்தாங்க. 'கொழும்பு, காலை 9 மணி'ன்னு ஸோன் பேரோட சேமிச்ச மீட்டிங், தரவுத்தளத்தை அப்டேட் பண்ணினா அங்க 9 மணிக்கே இருக்கும். 'பிளஸ் ஆறு'ன்னு மட்டும் சேமிச்சிருந்தா அரை மணி நேரம் முன்னாடி போயிருக்கும்.

இன்னொரு விஷயம். பழைய டேட் ஆப்ஜெக்ட்டை யார் வேணா மாத்தலாம். நீங்க ஒரு மெத்தடுக்கு அனுப்புறீங்க, அது உள்ளே மாசத்தைத் திருத்திட்டா உங்க கையில இருக்கிறதும் மாறிடும். மாச எண்ணே பூஜ்யத்துலேருந்து ஆரம்பிக்கும், ஜூனுக்கு 5! புது கிளாஸ்ல ஜூன்னா 6தான், ஒரு தடவை உருவாக்கினா ஆப்ஜெக்ட்டும் மாறாது. 'பிளஸ்டேஸ்' கூப்பிட்டா புதுசா ஒண்ணு கிடைக்கும். அதை ஒரு வேரியபிள்ல வாங்கிக்க மறந்தா ஒண்ணுமே நடந்திருக்காது. புதுசா வர்றவங்க கண்டிப்பா ஒரு தடவையாவது இதுல விழுவாங்க.

பழைய டேட்டாவை என்ன பண்றது?

ஏற்கனவே பழைய டேட்ல சேமிச்சவங்க, கையால எதையும் கூட்டாதீங்க. முதல்ல இன்ஸ்டன்ட் ஆக்குங்க, அப்புறம் எந்த ஸோன்ல பதிஞ்சீங்களோ அந்த ஸோன் பேரைக் கொடுத்து ஸோன்ட்டேட்டைம் ஆக்குங்க, அதுலேருந்து லோக்கல்டேட் எடுங்க. போர்க்கால ஒரு மணி நேரத்தை ஜாவாவே கணக்குல எடுத்துக்கும். அப்படித்தான் பாட்டிக்கு 10ஆம் தேதி திரும்பக் கிடைச்சுது. டெஸ்ட் எழுதும்போது உங்க வயசுல இருக்கிறவங்க தேதியை மட்டும் போடாம, 1943ல ஒண்ணு சேர்த்துக்கோங்க.

புது பிரிண்ட்டோட பாட்டியும் நானும் திரும்பப் போனோம். மறுபடி அதே ரெண்டு மாடி. நான் தப்பா எழுதின ஒரே ஒரு வரிக்கு, ஏறினது அவங்க கால்.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.