நீரில் நிற்கும் வண்டில்



காய்ந்த புல் ஏற்றப் போகும் வெறும் வண்டில் ஒன்று ஆற்றின் நடுவே நிற்கிறது. குதிரைகளின் கால்கள் தண்ணீருக்குள். இடப்பக்கம் ஒரு பழைய வீடு. கரையிலே ஒரு நாய். தூரத்து வெளியில் ஆட்கள் புல் அறுக்கிறார்கள். மேலே வெயிலும் முகிலும் கலந்த பெரிய வானம். ஆங்கில ஓவியர் ஜோன் கொன்ஸ்டபிள் 1821இல் தீட்டிய 'தி ஹே வெய்ன்', அதாவது 'புல் வண்டில்' என்ற ஓவியம் இது. இன்று லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது.

நான் இதை முதலில் கண்டது ஒரு பழைய கலண்டரில். 1995இல் இடம்பெயர்ந்து, தென்மராட்சியில் ஒரு வீட்டு விறாந்தையில் நாங்கள் தங்கியிருந்த காலம். எங்களோடிருந்த ஆச்சி படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "உது எங்கட வழுக்கியாற்று வாய்க்கால் மாதிரியெல்லோ கிடக்கு" என்றார். குதிரையோ, புகைக்கூண்டு வைத்த வீடோ அவருக்குத் தடையாகவில்லை. சில்லைத் தொட்ட தண்ணீர் ஒன்றே போதுமாயிருந்தது.

இது எப்படி நிகழ்கிறது? இயற்கைக் காட்சியின் அழகு மட்டும் இதற்குக் காரணமன்று. சின்னஞ்சிறு விவரங்களே பழைய கதவுகளைத் திறக்கின்றன. கொன்ஸ்டபிள் 1776இல் சஃபோக் மாவட்டத்தில் பிறந்தவர். தந்தையார் ஃபிளாட்ஃபோர்ட் ஆலையின் சொந்தக்காரர். அந்த ஆலையடி ஆற்றைத்தான் இந்த ஓவியத்திலே காண்கிறோம். ஆலையணையில் வழியும் நீரின் ஓசை, உக்கிய பலகை, பாசி பிடித்த கம்பம் ஆகியவையே தமக்குப் பிரியமானவை என்றும், சிறுபராயத்து ஆற்றங்கரையே தம்மை ஓவியராக்கியது என்றும் 1821இல் நண்பருக்கு அவர் எழுதினார்.

ஆனால் ஓவியம் உருவானது ஆற்றங்கரையில் அல்ல, லண்டனில். ஊரிலே முன்னர் வரைந்த குறிப்புப் படங்களும் நினைவும் அவருக்குக் கைகொடுத்தன. அப்படியும் வண்டிலின் அமைப்புக்கு நினைவு போதவில்லை. ஊரிலிருந்த தம்பி மூலம் ஒரு வண்டிலின் படத்தை வரைவித்து எடுப்பித்தார். அந்த ஆண்டுக் கண்காட்சியில் ஓவியம் விலைபோகவில்லை. 1824இல் பாரிஸில் அதற்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1816இலும் 1822இலும் அந்தக் கிழக்குப் பகுதியில் கூலியும் வேலையும் போதாத பண்ணைத் தொழிலாளர் கலகம் செய்தார்கள். இந்த ஓவியத்தில் அதன் சாயலே இல்லை. ஆலைக்காரரின் மகன் கண்ட ஆறு இது. புல் அறுப்பவர்கள் தூரத்துப் புள்ளிகளாகவே தெரிகிறார்கள். சிறுபராய நினைவின் இயல்பும் அதுதான். தண்ணீரை அது காப்பாற்றும்; தண்ணீரில் நின்று உழைத்தவனைப் பெரும்பாலும் விட்டுவிடும்.

ஊரை இழந்தவர்களுக்கு இத்தகைய ஓவியம் பெரிய ஆறுதல். அந்த ஆறுதல் பொய்யன்று; ஆனால் முழு உண்மையுமன்று. அன்றைக்கு ஆச்சியிடம் கேட்டேன்: "அந்த வாய்க்காலுக்குள்ளால வண்டில் விட்டவர் ஆரணை?"

ஆச்சி நெடுநேரம் யோசித்தார். தண்ணீரின் குளிர் நினைவிருந்தது. மாடுகளின் நிறம் நினைவிருந்தது. வண்டிற்காரரின் பெயர் வரவேயில்லை.

ஓர் ஓவியம் உங்களை உங்கள் ஊருக்கு அழைத்துப் போகும்போது, நேயர்களே, அந்தப் பெயரையும் கொஞ்சம் தேடிப் பாருங்கள்.